கிளிமூக்குக்கு விலை இல்லை, இமாம் பசந்துக்கு ஏன் இருக்கிறது? மாம்பழ ரகங்களும் அவற்றின் குணங்களும்

2025 ஜூனில் கிருஷ்ணகிரி, சித்தூர் பக்கம் கிளிமூக்கு என்கிற பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் மாம்பழக் கூழ் ஆலைகளின் வாசலில் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றன. கிலோ ஐந்து ரூபாய்க்குக்கூடக் கேட்க ஆளில்லாமல் விவசாயிகள் காயைச் சாலையில் கொட்டினார்கள். ஆந்திர அரசு தலையிட்டு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. அதில் 8 ரூபாய் ஆலைகள் கொடுக்க வேண்டும், 4 ரூபாய் அரசு மானியம். சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலக் காய் உள்ளே வரத் தடை போட, கர்நாடகம் எதிர்ப்புத் தெரிவித்தது. அதே வாரங்களில் நம் ஊர்ப் பழக்கடைகளில் இமாம் பசந்த் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்தது.

இதைப் படித்த பலருக்கும் குழப்பம். விளைச்சல் அதிகம் என்றால் எல்லா மாம்பழமும் மலிந்திருக்க வேண்டாமா? தோட்டத்தில் ஐந்து ரூபாய்க்குப் போகாத பழம் கடையில் நூறு ரூபாயா? இடைத்தரகர்களைக் கைகாட்டிவிட்டால் பதில் முடிந்துவிடாது. விலை போகாத பழமும் விலை போன பழமும் ஒன்றல்ல. மாம்பழத்தில் ரகத்துக்கு ரகம் சதை வேறு, தோல் வேறு, காய்க்கும் பழக்கம் வேறு. அதனாலேயே வாங்குகிறவரும் வேறு. அந்த வேறுபாடுகளை அடியிலிருந்து பார்த்தால்தான் இந்த விலைச் சரிவு புரியும்.

## ரகம் எப்படி உண்டாகிறது

நல்ல மல்கோவா தின்றுவிட்டுக் கொட்டையைத் தோட்டத்தில் புதைத்தால் மல்கோவா மரம் வராது. மாம்பூவில் ஈயும் பூச்சியும் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. ஆகவே ஒவ்வொரு கொட்டையும் தாயும் தந்தையும் கலந்த புதுப் பிறவி. அதிலிருந்து வரும் மரத்தின் பழம் நாராகவும் இருக்கலாம், புளிப்பாகவும் இருக்கலாம், ஆயிரத்தில் ஒன்று அற்புதமாகவும் இருக்கலாம். அப்படி அற்புதமாக அமைந்த ஒற்றை மரத்தின் குச்சியை வெட்டி, வேறு கன்றின் மேல் ஒட்டுக்கட்டிப் பெருக்கியதுதான் ரகம். இன்றைக்கு இருக்கும் எல்லா நீலம் மரங்களும் என்றோ எங்கோ நின்ற ஒரே மரத்தின் கிளைகள் என்று சொன்னால் அது மிகையல்ல.

இந்தியாவில் மா ஒட்டுக் கட்டுதல் பரவியதில் கோவாவில் இருந்த போர்த்துகீசியருக்குப் பெரிய பங்கு உண்டு. அல்போன்சாவின் பெயரே அபோன்சோ டி அல்புகர்க் என்ற போர்த்துகீசிய ஆளுநரை நினைத்து வைக்கப்பட்டது.

விதிவிலக்கும் உண்டு. கேரளத்தின் முவாண்டன், ஒளூர், சந்திரக்காரன் போன்றவற்றிலும், தென்கிழக்கு ஆசிய ரகங்கள் பலவற்றிலும் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே உருவானவை என்பதால், கொட்டை போட்டாலும் தாயைப் போலவே காய்க்கும். தமிழ்நாட்டின் வணிக ரகங்களில் இந்தக் குணம் இல்லை. நாற்றங்காலில் ஒட்டுக்கன்று வாங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பெங்களூரா, தோத்தாபுரி, கிளிமூக்கு, கலெக்டர் எல்லாம் ஒரே ரகம். அல்போன்சாவுக்கு மகாராஷ்டிரத்தில் ஹாபுஸ், கர்நாடகத்தில் பாதாமி, நம் பக்கம் குண்டு என்று பெயர். இமாம் பசந்தும் ஹிமாயுதீனும் ஒன்றே.

## பழத்தின் குணம் என்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

1. இனிப்பும் புளிப்பும். சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருளை பிரிக்ஸ் என்ற அளவில் சொல்கிறார்கள். பிரிக்ஸ் 20 என்றால் 100 கிராம் சாற்றில் ஏறக்குறைய 20 கிராம் கரைபொருள். அதில் பெரும்பகுதி சர்க்கரை. கூழ் வியாபாரத்தில் அல்போன்சாவுக்குக் குறைந்தது 16, பெங்களூராவுக்கு 14 என்று ஒப்பந்தம் போடுவார்கள். நாக்குக்கு இனிப்பு மட்டும் போதாது. புளிப்பு சுத்தமாக இல்லாத பழம் சப்பென்றிருக்கும்.

2. மணம். ஒரு ரகத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் இதுதான். காயில் இருக்கும் பச்சை வாசனைக்குக் காரணம் டெர்பீன்கள் என்ற சேர்மங்கள். பழுக்கும்போது லாக்டோன், ஃபியூரனோன் வகைச் சேர்மங்கள் கூடி, அல்போன்சா போன்ற ரகங்களில் அந்த நெய்யும் தேனும் கலந்த வாசனையைக் கொடுக்கின்றன. பெங்களூராவில் இந்த மணம் மெலிது.

3. நார். மல்கோவா, இமாம் பசந்த், பங்கனபள்ளி ஆகியவற்றில் நார் இல்லை என்றே சொல்லலாம். கத்தியால் துண்டு போட்டுச் சாப்பிடலாம். ஆந்திரத்தின் பெத்த ரசம், சின்ன ரசம் நார் நிறைந்தவை; பிசைந்து காம்பு முனையில் ஓட்டை போட்டு உறிஞ்சுவதற்கென்றே ஆனவை. நார் இருப்பது குறையல்ல, சாப்பிடும் முறை வேறு.

4. தோல். வாங்குகிறவர் கவனிக்காத, வியாபாரி முதலில் கவனிக்கும் குணம். தடித்த தோல் என்றால் லாரியில் தாங்கும். மெல்லிய தோல் என்றால் சந்தை சேர்வதற்குள் பாதி அடிபடும்.

5. காய்க்கும் பழக்கம். இதைக் கடையில் பார்க்க முடியாது. ஆனால் விலையைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் முதலிடம் என்பது என் கருத்து. அல்போன்சா, இமாம் பசந்த் போன்றவை ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும். காய் சுமந்த கிளை அறுவடைக்குப் பின் புதுத் துளிர் விட்டு, அது முற்றி, மார்கழி தை மாதங்களில் பூ மொட்டு கட்ட வேண்டும். சுமையால் களைத்த மரத்துக்கு அந்த அவகாசம் போதுவதில்லை. மேற்குக் கடற்கரையின் கொங்கண் பகுதித் தோட்டங்களில் பாக்லோபுட்ரசால் என்ற வளர்ச்சி ஒடுக்கியை வேரில் ஊற்றிப் பூக்க வைக்கிறார்கள். நீலத்துக்கும் பெங்களூராவுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. ஆண்டுதோறும் காய்க்கும், அள்ளிக் காய்க்கும்.

## நிறத்தை நம்பக் கூடாது

மாம்பழத் தோலில் மூன்று நிறமிகள் உண்டு. பச்சை இலைப்பச்சையம், மஞ்சள் கரோட்டினாய்டு, சிவப்பு ஆந்தோசயனின். இதில் சிவப்பு, ரகத்தையும் வெயிலையும் பொறுத்தது. பழுத்ததையோ இனிப்பையோ அது காட்டாது. செந்தூராவின் தோள்பட்டையில் வெயில் பட்ட பக்கம் மட்டும் சிவந்திருப்பதைப் பார்க்கலாம். மறுபுறம், வட இந்தியாவின் லங்கடா நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும். இமாம் பசந்தும் பச்சை முழுதாக மாறாமலே உள்ளே பழுத்துவிடும். மஞ்சள் ஏறட்டும் என்று காத்திருந்து அழுகவிட்டவர்கள் ஏராளம்.

பின் எதைப் பார்ப்பது? முற்றிய காயில் காம்பைச் சுற்றியுள்ள தோள் உயர்ந்து, காம்புக்குழி ஆழமாகத் தெரியும். தண்ணீரில் போட்டால் முற்றியது மூழ்கும், முற்றாதது பெரும்பாலும் மிதக்கும். முற்றாமல் பறித்ததை எப்படிப் பழுக்க வைத்தாலும் இனிக்காது. காரணம் எளிது. மா, மரத்தில் இருக்கும்போது மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. பறித்த பிறகு எத்திலின் என்ற வாயு அதற்குள்ளேயே சுரந்து, அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது, புளிப்பைக் குறைக்கிறது, சதையை இளக்குகிறது, கரோட்டினாய்டைக் கூட்டுகிறது. சேமிப்பு இல்லாத காயில் மாறுவதற்கு ஒன்றும் இல்லை.

கார்பைடு கல்லின் தீங்கும் இதனோடு சேர்ந்ததுதான். கால்சியம் கார்பைடு ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு விடும். அது எத்திலின் போல நடித்துத் தோலை மஞ்சளாக்கிவிடும். உள்ளே சதை அரைகுறையாகவே நிற்கும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால் உடலுக்கும் கேடு. பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவது இந்தியாவில் சட்டப்படி குற்றம். எத்திலின் வாயுவை அடைத்த அறையில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை விட்டுப் பழுக்க வைக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் அனுமதி கொடுத்தது. பழம் தானே சுரக்கும் வாயு என்பதால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 'செயற்கையாகப் பழுத்தது' என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது தவறு.

## நம் சந்தையில் வரும் ரகங்கள்

சித்திரையில் முதலில் தலைகாட்டுபவை செந்தூரா, பங்கனபள்ளி, அல்போன்சா. பங்கனபள்ளி ஆந்திரத்துப் பழம், 2017-இல் புவிசார் குறியீடு பெற்றது. கோணலான முட்டை வடிவம், எலுமிச்சை மஞ்சள் தோல், கெட்டியான சதை. மணம் அல்போன்சா அளவுக்கு இல்லை. ஆனால் நான்கைந்து நாள் தாங்கும், வெட்டினால் துண்டு துண்டாக நிற்கும், விலையும் கையைக் கடிக்காது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு போகும் பழம் இதுதான்.

அல்போன்சாவின் பெயர் பெரியது. ரத்னகிரி, சிந்துதுர்க் உள்ளிட்ட கொங்கண் பகுதிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கு ஒரு தீராத நோய்: வெளியே பொன்னாக இருக்கும் பழத்தை அறுத்தால் கொட்டையை ஒட்டி வெளிறிய, புளித்த பஞ்சு. வெளித்தோலில் எந்த அறிகுறியும் தெரியாது. பழம் பழுப்பதற்கு முன்பே கொட்டை முளைப்பதற்கான வேலையைத் தொடங்கிவிடுவதால் இது உண்டாகிறது என்று பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள் சொல்கின்றன. வாங்குகிறவர் இதைக் கடைக்காரர் ஏமாற்றியதாக நினைக்கிறார். கடைக்காரருக்கும் அறுக்கும்வரை தெரியாது.

வைகாசி இமாம் பசந்தின் மாதம். பெரிய பழம், காகிதம் போன்ற தோல், வாயில் வைத்தால் கரையும் சதை. மரம் கஞ்சத்தனமாகக் காய்க்கும், பருவம் சில வாரங்களில் முடியும், தொலைதூரம் அனுப்ப முடியாது. விலை ஏன் இறங்குவதில்லை என்பதற்கு இந்த மூன்றுமே காரணம். சேலத்துப் பெருமையான மல்கோவாவும் இதே குணம்தான்: உருண்டை, கனம், சிறிய கொட்டை, குறைந்த காய்ப்பு. சேலம் பக்கம் நடுசாலை, குதாதத், ராஜபாளையம் பக்கம் சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று அந்தந்த ஊரோடு நின்றுவிட்ட ரகங்களும் இருக்கின்றன. சுவையில் எவருக்கும் குறைந்தவை அல்ல.

யாழ்ப்பாணத்தாருக்கு மாம்பழம் என்றால் கறுத்தக்கொழும்பான். கரும்பச்சைத் தோல், ஆரஞ்சு நிறச் சதை, நார் குறைவு. அம்பலவி, விலாட், வெள்ளைக்கொழும்பான் அதற்குப் பின்னால்தான்.

ஆனி, ஆடியில் எல்லாம் ஓய்ந்த பிறகு வருவது நீலம். சின்னப் பழம், தனி மணம், நன்றாகத் தாங்கும். கன்னியாகுமரியில் பருவம் தவறிய மாதங்களிலும் காய்க்கும்.

## நீலத்துக்குள் வண்டு எப்படிப் போகிறது

பழத்தில் ஒரு துளைகூட இல்லை. அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து கறுப்பு வண்டு ஊர்ந்து வருகிறது. இது பழத்தைத் துளைத்துப் போனதல்ல. மாம்பிஞ்சு கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே தாய் வண்டு தோலில் சின்னக் கீறல் போட்டு முட்டை வைக்கிறது. கீறலிலிருந்து வடியும் பால் முட்டையின் மேல் உறைந்து மூடிக்கொள்கிறது. பொரித்த புழு இளம் சதை வழியாக நேராகக் கொட்டைக்குப் போய்விடும். பிஞ்சு வளர வளர அது போன பாதை தழும்பின்றி மூடிவிடுகிறது, கொட்டையும் ஓடு கட்டிவிடுகிறது. உள்ளே பருப்பைத் தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகிறது. சதைக்குப் பெரும்பாலும் கெடுதல் இல்லை, சாப்பிட்டவருக்கும் ஒன்றும் ஆகாது. வண்டு பழத்திலேயே வெளிவரும் அளவுக்கு நேரம் கிடைப்பது தாமதமாகப் பழுக்கும் ரகத்தில். ஆகவே நீலத்துக்கு இந்தக் கெட்ட பெயர். வெளியே வந்த வண்டு மரப்பட்டை இடுக்கில் அடுத்த பூ வரும்வரை பதுங்கியிருக்கும். தோட்டத்தில் உதிர்ந்த பழத்தையும் கொட்டையையும் பொறுக்கி அழிப்பதுதான் முதல் மருந்து.

சதைக்குள் வெள்ளையாக நெளிவது வேறு. அது பழ ஈயின் புழு. பழம் முற்றும் நேரத்தில் முட்டையிடுவது. அந்தப் பழத்தைத் தின்ன முடியாது.

இந்த இரண்டு பூச்சிகளும் ஏற்றுமதியையே நிறுத்தியிருக்கின்றன. கொட்டை வண்டுக்கு அஞ்சிய அமெரிக்கா, கதிர்வீச்சில் காட்டிய பிறகே வர வேண்டும் என்ற நிபந்தனையோடு 2007-இல்தான் இந்திய மாம்பழத்துக்குக் கதவு திறந்தது. பழ ஈ காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் தடை போட்டு, மறு ஆண்டு விலக்கியது.

## எல்லா நல்ல குணமும் ஒரே மரத்தில் கிடைக்காதா

முயன்றிருக்கிறார்கள். நீலத்தின் ஆண்டுதோறும் காய்க்கும் குணத்தையும் வட இந்தியத் தசேரியின் சுவையையும் சேர்த்து, தில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் மல்லிகா, ஆம்ரபாலி என்ற இரண்டு ரகங்களை வெளியிட்டது. ஆம்ரபாலி குட்டை மரம், நெருக்கி நடலாம். மகாராஷ்டிரத்தின் தாபோலி வேளாண் பல்கலைக்கழகம் நீலத்தையும் அல்போன்சாவையும் சேர்த்து ரத்னாவை எடுத்தது. அதில் பஞ்சு விழுவதில்லை. ரத்னாவை மீண்டும் அல்போன்சாவோடு சேர்த்து எடுத்த சிந்து ரகத்தில் கொட்டை மெல்லிய தகடாகிவிட்டது. பெரியகுளத்தின் பி.கே.எம் 1 ரகத்திலும் ஒரு பெற்றோர் நீலம்தான். கடையில் கடைசியாக வந்து மலிவாக விற்கும் இந்தப் பழம், இந்திய மா ஆராய்ச்சியின் முதுகெலும்பு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனாலும் இவற்றில் எதுவும் பழைய ரகங்களைச் சந்தையிலிருந்து அகற்றவில்லை. வாங்குகிறவர் பெயர் சொல்லிக் கேட்கிறார். தெரியாத பெயருக்கு மண்டியில் விலை வைப்பதில்லை.

## இனி, பெங்களூராவின் கணக்கு

மேலே சொன்ன அளவுகோல்களைப் பெங்களூராவுக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. ஆண்டுதோறும் தவறாமல் காய்க்கும், மரத்துக்கு அதிக எடை கொடுக்கும், தோல் தடிமன், பராமரிப்பு குறைவு. விவசாயி நட்டதில் தவறே இல்லை.

2. சதை கெட்டி, நிறம் நல்ல மஞ்சள், எடையில் பாதிக்கு மேல் கூழாகக் கிடைக்கும். மணம் மெலிது என்பது ஆலைக்குக் குறையல்ல. கொஞ்சம் அல்போன்சாக் கூழைக் கலந்தால் சரியாகிவிடும். ஆகவே கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் ஆலைகள் இந்த ரகத்தைச் சுற்றியே எழுந்தன.

3. பழமாக வாங்கித் தின்ன இதைத் தேடுகிறவர்கள் குறைவு. பிஞ்சிலும் காயிலும் ஒரு சந்தை உண்டு: கடற்கரையிலும் பேருந்து நிலையத்திலும் கீறி மிளகாய்த்தூள் தூவி விற்கும் மாங்காய் பெரும்பாலும் கிளிமூக்குதான். அதன் சாறும் புளிப்பும் மொறுமொறுப்பும் வேறு எந்த ரகத்துக்கும் வராது. ஆனால் அந்தச் சந்தை எத்தனை லாரியைத் தாங்கும்?

4. ஆக, முற்றிய காய்க்கு ஒரே பெரிய வாசல் ஆலை. ஆலை, கூழைக் கிருமி நீக்கிய பைகளில் அடைத்து இரும்புப் பீப்பாயில் ஒன்றரை, இரண்டு ஆண்டு வரை வைத்திருக்க முடியும். போன ஆண்டுக் கூழ் விற்காமல் தேங்கினால் இந்த ஆண்டு வாங்க அவசரம் இல்லை. விவசாயியால் அப்படிக் காத்திருக்க முடியாது. முற்றிய மாங்காயைக் குளிர் கிடங்கிலும் போட்டு வைக்க முடியாது: ஏறத்தாழ 12, 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் தோல் கறுத்து, பழுக்கும் திறனே கெட்டுவிடும்.

5. கூழின் தேவையோ குளிர்பானத்தைப் பொறுத்தது. பழபானம் என்று விற்க 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும் என்பது இந்திய விதி. மீதி தண்ணீரும் சர்க்கரையும். இந்த அளவைக் கொஞ்சம் உயர்த்தினாலும் ஆயிரக்கணக்கான டன் காய்க்கு வழி பிறக்கும் என்று விவசாயிகள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

2025-இல் நடந்தது இந்த ஐந்தும் ஒரே பருவத்தில் ஒன்றுகூடியதுதான். மரம் வழக்கம்போல அள்ளிக் கொடுத்தது, ஆலையில் பழைய சரக்கு இருந்தது, காய் காத்திருக்காது. இமாம் பசந்த் இந்தச் சுழலுக்கு வெளியே இருக்கிறது. அதை எந்த ஆலையும் வாங்குவதில்லை, விளைவதும் கொஞ்சம்.

அப்படியானால் எல்லோரும் ரகத்தை மாற்றிவிட வேண்டியதுதானே? மாவில் அது நெல் மாற்றுவது போல ஒரு பருவ வேலை இல்லை. வழக்கமான 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம். அவை அப்பா காலத்தில் நட்டவையாக இருக்கலாம். வேரோடு பிடுங்க வேண்டாம் என்பது மட்டும் ஆறுதல். பழைய மரத்தின் பெருங்கிளைகளை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் வரும் புதுத் துளிர்களில் வேறு ரகத்தின் குச்சியை ஒட்டுக்கட்டலாம். வேர் பழையது என்பதால் மூன்று ஆண்டுவாக்கில் புது ரகம் காய்க்கத் தொடங்கும். அந்த மூன்றாண்டு வருமானம் யார் கொடுப்பது என்பதே சிறு விவசாயியைத் தடுக்கும் கேள்வி. கிலோவுக்கு நான்கு ரூபாய் மானியம் ஒரு பருவத்தோடு போய்விடும். அதே பணத்தில் ஒரு பகுதியை இந்த மேல் ஒட்டுக்குக் கொடுத்தால் மரத்தோடு நிற்கும்.

மாற்றும்போதும் தோட்டம் முழுவதையும் இமாம் பசந்துக்குத் திருப்புவது ஆபத்து. ஓராண்டு காய்த்து ஓராண்டு ஓயும் மரத்தை நம்பிக் கடன் கட்ட முடியாது. எல்லோரும் நட்டால் அதன் விலையும் நிற்காது. நாற்பது மரத்தில் பத்தைப் பங்கனபள்ளிக்கும், ஐந்தாறைச் செந்தூராவுக்கோ இமாம் பசந்துக்கோ திருப்பி, மீதியைப் பெங்களூராவாகவே விட்டு வைப்பது நடைமுறைக்கு ஒத்து வரும். சித்திரையில் ஒரு பணம், ஆனியில் ஒரு பணம் என்று வரவு பிரியும். ஆலை வாசலில் நிற்க வேண்டிய சுமையும் குறையும்.